கிரிவலப் பாதைக் குப்பைக்கு யார் பொறுப்பு?

பௌர்ணமி முடிந்த மறுநாள் காலையில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் போனால், தூய்மைப் பணியாளர்கள் பெருக்கி ஒதுக்கிய குவியல்கள் 14 கிலோமீட்டருக்கும் தொடர்ந்து கண்ணில் படும். தண்ணீர் பாட்டில், பேப்பர் கப், சாம்பார் சாதம் ஒட்டிய தட்டு, பிஸ்கட் உறை, சிப்ஸ் பாக்கெட் என எல்லாம் கலந்து கிடக்கும். கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும்போது இது பல மடங்காகிறது. அள்ளியது போக மீதி காற்றில் பறந்து வாய்க்காலில் விழும். மழை வந்தால் வாய்க்கால் அதை ஏரிக்குக் கொண்டுபோகும். வேலூர் சாலையில் வேங்கிக்கால் ஏரியைப் பார்த்தபடி குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குவியலைப் பார்த்ததும் பெரும்பாலோர் சொல்வது, “சனங்களுக்குப் பொறுப்பே கிடையாது” என்பதுதான். இன்னொரு கட்சியும் உண்டு: “கம்பெனிக்காரன் தயாரிக்காவிட்டால் இவர்கள் எங்கிருந்து போடப் போகிறார்கள்? அரசாங்கம் அவனைப் பிடிக்கட்டும்.” வாங்கிப் பயன்படுத்துகிறவர் பொறுப்பா, தயாரித்து விற்கிறவர் பொறுப்பா என்ற இந்த வாதம் இன்று பல நாடுகளில் நடக்கிறது. என் கணிப்பில், எதைத் தயாரிப்பது, எதில் அடைப்பது, எதை வாங்குவது என்று முடிவெடுக்கும் அதிகாரம் எவர் கையில் எவ்வளவு இருக்கிறதோ, அவருக்கு அவ்வளவு பொறுப்பு. எல்லோருக்கும் பங்கு உண்டு. எல்லோருக்கும் சம பங்கு இல்லை. இது ஏன் என்பதை அந்தக் குவியலில் கிடக்கும் பொருள்களையே வைத்துப் பார்க்கலாம்.

முதலில் தண்ணீர் பாட்டில். கீழே விழுந்த பாட்டில் வெகுநேரம் அங்கே கிடப்பதில்லை. பாட்டில் பொறுக்குகிறவர்கள் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். காயலான் கடையில் எடைக்குக் காசு கிடைக்கிறது. ஒரே வகைப் பிளாஸ்டிக் என்பதால் அதை உருக்கி இழையாக்கித் துணி வரை செய்ய முடிகிறது. இதற்குப் பக்கத்திலேயே விழுந்த சிப்ஸ் பாக்கெட்டை யாரும் தொடுவதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் படலங்களையும் அலுமினியப் பூச்சையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த உறை அது. ஈரமும் காற்றும் புகாமல் சிப்ஸை மாதக்கணக்கில் மொறுமொறுப்பாக வைத்திருக்க அப்படிச் செய்கிறார்கள். ஒட்டிய அடுக்குகளைப் பிரித்தெடுப்பது லாபத்துக்கு ஆகாத வேலை. அதனால் காயலான் கடைக்காரர் வாங்குவதில்லை. வாங்க ஆளில்லாததைப் பொறுக்கவும் ஆளில்லை. சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போவது கொஞ்சம். மற்றது குப்பைக் கிடங்கிலும், தெருவோரத் தீயிலும், மாட்டின் வயிற்றிலும் முடிகிறது.

இரண்டு பொருளையும் வீசியவர் ஒரே பக்தராக இருக்கலாம். அவருடைய பழக்கமும் ஒன்றுதான். ஒன்று திரும்பப் பயனுக்கு வந்தது, மற்றது வராமல் போனது. அந்த வேறுபாட்டை உண்டாக்கியது, உறையை எதில் செய்வது என்று எங்கோ ஓர் அலுவலகத்தில் எடுக்கப்பட்ட முடிவு. அந்த முடிவில் பக்தருக்கு எந்தப் பங்கும் இல்லை. அதற்காக உறையைக் கையிலேயே வைத்திருந்து தொட்டியில் போடும் கடமை அவருக்கு இல்லாமல் போய்விடாது. ஆனால் தொட்டியில் போட்டாலும் அந்த உறைக்குப் போக்கிடம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்தது பேப்பர் கப். பெயர்தான் பேப்பர், சூடான டீ ஊறாமல் இருக்க உள்பக்கம் பிளாஸ்டிக் பூசியிருப்பார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் இதுவும் ஒன்று. 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்த தடை அது. பிளாஸ்டிக் பை, தெர்மோகோல் தட்டு, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய கப்பும் தட்டும் எல்லாம் பட்டியலில் உண்டு. முதலில் வந்த ஆணையில் ஒரு விலக்கும் இருந்தது: தொழிற்சாலையிலேயே பொருளை அடைத்து மூடி அனுப்பும் உறைகளுக்குத் தடை இல்லை. அதாவது, அந்த ஆணைப்படி தெருவோர இட்லிக் கடையில் அம்மா சாம்பார் ஊற்றித் தரும் பை குற்றம். அதே கடையில் சரமாகத் தொங்கும் பிஸ்கட், சிப்ஸ், ஷாம்பு உறைகள் குற்றமில்லை. அந்த விலக்கை நீக்க 2020இல் அரசு முயன்றது. தயாரிப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். அபராதச் சீட்டு சிறிய கடைக்காரரின் கைக்கு எளிதில் போய்ச் சேர்கிறது. பெரிய தொழிற்சாலையின் கதவு வரை அது போவதில்லை. இந்த அநியாயத்தைப் பேசாமல் மக்களின் பழக்கத்தை மட்டும் பேசுவது பாதி உண்மைதான்.

ஷாம்பு உறை நம் மண்ணில் பிறந்த சங்கதி. கடலூர் சின்னி கிருஷ்ணன்தான் சிறிய உறையில் ஷாம்பு விற்கும் வழியைக் காட்டியவர் என்பார்கள். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய தொழில் அதை நாடெங்கும் கொண்டுபோனது. அன்றாடக் கூலிக்குப் போகிறவரும் நல்ல சரக்கைக் கைக்கெட்டும் விலையில் வாங்கலாம் என்பது அதன் பின்னால் இருந்த எண்ணம். அந்த எண்ணத்தில் தவறில்லை. பெரிய பாட்டிலை ஒரே தடவையில் வாங்க அவரிடம் பணம் கிடையாது என்பதால் அவர் உறையை வாங்குகிறார். அவரிடம் போய் “உங்கள் பழக்கத்தை மாற்றுங்கள்” என்றால் அது அறிவுரையே இல்லை. ஏரி வாய்க்காலில் சேரும் உறைகளைத் திரும்ப எடுக்கும் செலவு, உறையால் லாபம் பார்த்த தொழிலின் கணக்கில்தான் சேர வேண்டும்.

பழியை வாங்குகிறவர் மேல் திருப்பும் வேலைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1953இல் ‘கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்’ என்ற அமைப்பு தொடங்கியது. அதன் பின்னால் இருந்தவை குளிர்பானத் தொழிலும், கேன், பாட்டில் செய்யும் தொழிலும். 1971இல் அது வெளியிட்ட தொலைக்காட்சி விளம்பரத்தில் குப்பையைப் பார்த்து ஒரு பூர்வகுடி மனிதர் கண்ணீர் விடுவார். மாசைத் தொடங்குவது மக்கள், நிறுத்த வேண்டியதும் மக்கள் என்பது அதன் சாரம். அதே ஆண்டில் ஆரிகன் மாநிலம், காலி பாட்டிலுக்கு முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்த மாதிரிச் சட்டங்களைக் குளிர்பான, பாட்டில் தொழில்கள் எதிர்த்து நின்றன. ‘கார்பன் தடம்’ என்று நாம் இன்று பேசுவதைப் பொதுமக்களிடையே பரப்பியதிலும் பெரும் பங்கு, 2000களின் நடுவில் பிபி எண்ணெய் நிறுவனம் நடத்திய விளம்பரங்களுக்கு உண்டு. எண்ணெய் எடுத்து விற்கும் நிறுவனம், உங்கள் தடம் எவ்வளவு என்று நம்மைக் கேட்டது.

இதைத் தெரிந்துகொண்டவர்களில் சிலர் அடுத்த கோடிக்குப் போய்விடுகிறார்கள். உலகின் தொழில்துறைப் புகையில் 71 சதவீதம் 100 நிறுவனங்களிலிருந்து வருகிறது, நாம் என்ன செய்து என்ன ஆகப் போகிறது என்பார்கள். அந்த எண் 2017இல் வந்த ஓர் அறிக்கையில் இருப்பதுதான். 1988க்குப் பிறகான காலத்துக்குப் போட்ட கணக்கு அது. அந்த நிறுவனங்கள் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பவை. நம் கோல் இந்தியாவும் அவற்றில் ஒன்று. அவை எடுத்து விற்றதை மின் நிலையங்களும் வண்டிகளும் அடுப்புகளும் எரித்தபோது வந்த புகைதான் அந்தக் கணக்கில் பெரும்பகுதி. எனவே எடுத்தவர் ஒருவர், எரித்தவர் இன்னொருவர். இருவரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எரித்தவர்களிலும் எல்லோரும் ஒன்றல்ல. கரியமில வாயுவில் ஓர் இந்தியரின் சராசரிப் பங்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2 டன், ஓர் அமெரிக்கரின் பங்கு சுமார் 14 டன். நம் ஊருக்குள்ளேயே மூன்று ஏ.சி.யும் இரண்டு காரும் வைத்திருக்கும் வீடும், ஒரே மின்விசிறியில் ஐந்து பேர் தூங்கும் வீடும் இருக்கின்றன. அறிவுரை சொல்கிறவர்கள் முதல் வீட்டுக் கதவை முதலில் தட்டட்டும்.

அப்படியானால் பழக்கம் மாறவே மாறாதா? மாறும், மாற வழி செய்து கொடுத்தால் சீக்கிரமே மாறும். மது பாட்டில்கள் காட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலை சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எட்டியது. நீதிமன்றம் தலையிட்டபின், 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் திரும்பினால் அதைக் கொடுத்துவிடும் முறை தொடங்கியது. போகப் போக, திரும்பிவரும் பாட்டில்கள் 90 சதவீதத்தைத் தாண்டின. பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் அது பரவியது. குடித்துவிட்டுப் பாட்டிலை எறிகிறவர் என்று நாம் கைவிட்ட மனிதர்தான் அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். நடுவில் நடந்த பிரசங்கம் ஒன்றுமில்லை. பத்து ரூபாய் மட்டுமே. ஜெர்மனியில் 2003 முதல், ஒருமுறை பயன்படுத்தும் பெரும்பாலான தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்கு 25 சென்ட் முன்பணம் உண்டு. நமக்கும் இது புதிதல்ல. காலி சோடா பாட்டிலைக் கொடுத்தால்தான் அடுத்ததைத் தரும் பெட்டிக்கடையை நாற்பது வயது தாண்டியவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

தயாரிப்பாளரைப் பொறுப்பேற்க வைக்கும் சட்டம் இந்தியாவில் இருக்கிறது. 2016இன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும் 2022 பிப்ரவரியில் அவற்றில் சேர்த்த வழிகாட்டுதல்களும், சந்தைக்கு விட்ட பிளாஸ்டிக்குக்கு ஈடாகத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்ய நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகின்றன. நடைமுறையில் நிறுவனம் மறுசுழற்சியாளரிடம் சான்றிதழை விலைக்கு வாங்கிக் கணக்குக் காட்டலாம். லட்சக்கணக்கான சான்றிதழ்கள் போலி என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2023இல் கண்டுபிடித்தது. காகிதத்தில் மறுசுழற்சியான உறை இன்னும் வாய்க்காலில் கிடக்கலாம் என்று இதற்குப் பொருள்.

இனி நம் கையில் உள்ளதற்கு வருவோம். கிரிவலப் பாதையில் பொறுப்பு மிகுந்த தனிமனிதர், வெறுங்காலோடு நடக்கும் பக்தர் அல்ல. ஆயிரம் பேருக்கு, ஐயாயிரம் பேருக்கு அன்னதானம் போடுகிறவர்தான். எந்தத் தட்டில் போடுவது என்று அவர் எடுக்கும் ஒரே முடிவு ஆயிரக்கணக்கான தட்டுகளாகிறது. தீபத்தின்போது அன்னதானம் செய்ய முன்பதிவு வேண்டும், பிளாஸ்டிக் கூடாது, இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கிறது. பசித்தவருக்குச் சோறிடும் புண்ணியத்தை வாழையிலையிலும், மந்தாரைத் தையல் இலையிலும், பாக்குமட்டையிலும் செய்தவர்கள் நம் முன்னோர்கள். செலவு கொஞ்சம் கூடும்; ஐயாயிரம் பேருக்குப் பதில் நாலாயிரம் பேருக்கு ஆனாலும் அந்தத் தானம் குறைந்ததாகாது. இது என் உறுதியான நம்பிக்கை.

பக்தருக்கும் வேலை உண்டு: ஒரு துணிப்பை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு டம்ளர். 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் தீபத்துக்குத் துணிப்பையோடு வருகிறவர்களுக்குக் குலுக்கலில் தங்கக் காசு, வெள்ளிக் காசு என்றுகூட இங்கே அறிவித்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வீட்டிலிருந்து பாட்டிலோடு வருகிறவருக்குத் தங்கக் காசைவிட அதிகம் தேவைப்படுவது, வழி நெடுக நம்பிக் குடிக்கக்கூடிய, கூட்டத்திலும் வற்றாத தண்ணீர்க் குழாய். இருபது நிமிட வரிசையில் நின்று நிரப்புவதா, எதிர்க் கடையில் வாங்குவதா என்ற நிலை வந்தால், இருட்டில் குழந்தையோடு நடப்பவர் எதைச் செய்வார் என்று நமக்கே தெரியும்.

திங்கட்கிழமை தோறும் வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் நாம் மனுவோடு போகிறோம். கிரிவலப் பாதைக் கடைகளில் விற்கும் ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலுக்கும், நீலகிரியில் மது பாட்டிலுக்குச் செய்ததுபோல் முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் முறை வேண்டும், பாதை நெடுக போதுமான குடிநீர்க் குழாய்கள் வேண்டும் என்று இரண்டே வரியில் ஒரு மனு எழுதுங்கள். அடுத்த பௌர்ணமிக்கு உங்கள் டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன், அந்த மனுவைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.