எது முதலில், எது பிறகு? வீட்டுச் சமையலின் வரிசையும் வேதியியலும்

பருப்பு வெந்த பிறகுதான் புளி. அரிசி குழைந்த பிறகுதான் வெல்லம். வெல்லப் பாயசம் சற்று ஆறிய பிறகுதான் பால். தமிழ்நாட்டு வீட்டுச் சமையலில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் விதிகள் இவை. பெரும்பாலான வீடுகளில் இவற்றுக்குக் காரணம் சொல்லப்படுவதில்லை, கைப்பழக்கமாகவே கற்றுத்தரப்படுகின்றன. ஆனால் ஒவ்வொரு விதிக்குப் பின்னும் உறுதியான வேதியியல் காரணம் உண்டு. அளவையும் பொருள்களையும் மாற்றாமல், அவற்றைச் சேர்க்கும் வரிசையை மட்டும் மாற்றினாலே பருப்பு வேகாது, பாயசம் திரியும், ரசம் மணம் இழக்கும். குடும்பம் கூடி உண்ணும் சாம்பார், ரசம், பொங்கல், பாயசம், தயிர்சாதம் ஆகியவற்றின் பக்குவம் பெருமளவு இந்த வரிசையில்தான் இருக்கிறது.

பருப்புக்குப் பின் புளி

துவரம்பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். பருப்பு வேகும்போது வெந்நீரில் பெக்டின் கரைகிறது, செல்கள் பிரிகின்றன, பருப்பு மசிகிறது. நீரில் அமிலம் இருந்தால் பெக்டின் எளிதில் கரையாது. புளியில் டார்டாரிக் அமிலம் மிகுதி. அதனால்தான் புளிக்கரைசலில் போட்ட பருப்பு நெடுநேரம் கொதித்தும் மசியாமல் நிற்கிறது. தக்காளியை முன்கூட்டியே நிறையச் சேர்த்தாலும் ஓரளவு இதே விளைவுதான்.

சாம்பாரில் காய்கள் உருக்குலையாமல் இருப்பதற்கும் இந்தப் பண்பே துணை செய்கிறது. கத்தரிக்காயையும் பூசணியையும் முக்கால் பதம் வேகவிட்டுப் புளிக்கரைசலை ஊற்றினால், அதன்பின் சாம்பார் நன்றாகக் கொதித்தாலும் காய்கள் கரைந்துபோவதில்லை. காய் வேகும் முன்பே புளியை ஊற்றிவிட்டால் அது நறுக்கென்றே நிற்கும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதற்கும் பெக்டின்தான் காரணம். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பெக்டினோடு பிணைந்து அதை இறுக்குகின்றன. சமையல் சோடா சேர்த்தால் நீர் காரத்தன்மை பெற்றுப் பருப்பு விரைவில் வெந்துவிடும். ஆனால் தயமின் எனப்படும் பி1 வைட்டமின் அதில் அழிந்துபோகிறது. பிரஷர் குக்கரே இதற்கு நல்ல வழி. குக்கரின் உள்ளே அழுத்தம் கூடுவதால் நீரின் கொதிநிலை 100 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசுக்கு உயர்கிறது. அந்த வெப்பத்தில் பருப்பு சில நிமிடங்களிலேயே குழைந்துவிடும்.

தாளிப்பின் படிகள்

திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியைத் தாண்டாது. எண்ணெய் அதைவிட மிக அதிகமாகச் சூடேறும். அதோடு, நறுமணப் பொருள்களின் வாசனைச் சேர்மங்கள் பெரும்பாலும் நீரில் கரையாதவை; எண்ணெயில் கரைபவை. தாளிப்பு இந்த இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்துகிறது. எண்ணெய் வாசனையை வாங்கிக்கொண்டு குழம்பு முழுவதும் பரப்புகிறது.

கடுகு முதலில் விழுவதற்குக் காரணம் உண்டு. கடுகுக்குள் இருக்கும் சிறிதளவு ஈரம் ஆவியாகி, தோலை உடைத்துக்கொண்டு வெளிவரும்போதுதான் அது வெடிக்கிறது. எண்ணெய் போதிய சூட்டை எட்டிவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம். கடுகின் காரம் உருவாக மைரோசினேஸ் என்னும் நொதி வேலை செய்தாக வேண்டும். பச்சைக் கடுகை நீர் விட்டு அரைக்கும்போது அந்த நொதி செயல்பட்டு மூக்கில் ஏறும் நெடியைத் தருகிறது. சூடான எண்ணெய் அந்த நொதியை அழித்துவிடுவதால், தாளித்த கடுகில் காரம் அடங்கி மணம் மட்டும் மிஞ்சுகிறது.

கடுகு வெடித்த பின் உளுத்தம்பருப்பு. அது பொன்னிறமாவது மெய்லார்டு வினையால். அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வெப்பத்தில் சேர்ந்து நிறமும் மணமும் தரும் இந்த வினையை 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மெய்லார்டு விளக்கினார். அடுத்து மிளகாய் வற்றல், பெருங்காயம். கறிவேப்பிலை கடைசி. மிளகாயும் பெருங்காயமும் நொடிகளில் கருகிக் கசக்கக் கூடியவை; கறிவேப்பிலையின் மணமோ விரைவில் ஆவியாகக் கூடியது. அதிக நேரம் சூடு தாங்குவது முதலில், தாங்காதது கடைசியில் என்பதே தாளிப்பின் ஒரே விதி.

ரசம் நுரை கட்டும் தருணம்

சாம்பார் கொதிக்கக் கொதிக்கச் சேர்ந்து வரும். ரசம் அப்படியல்ல. புளித்தண்ணீரும் தக்காளியும் பச்சை வாசனை போகக் கொதித்த பிறகு, பருப்புத் தண்ணீரும் மிளகு சீரகப் பொடியும் சேர்த்ததும் அடுப்பைக் கவனிக்க வேண்டும். விளிம்பில் நுரை கட்டி மேலெழும்போதே இறக்கிவிட வேண்டும். மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லித்தழை ஆகியவற்றின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. தளதளவென்று கொதிக்கும் ரசத்தின் வாசனை வீடெங்கும் பரவுகிறது என்றால், அது பாத்திரத்தில் இல்லை என்றே பொருள்.

மிளகின் காரம் ஆவியாகாது. அதற்குக் காரணமான பைப்பரினை 1819இல் டென்மார்க் அறிவியலாளர் ஹன்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் பிரித்தெடுத்தார். வாயிலுள்ள நரம்பு முனைகளில் வெப்பத்தை உணரும் ஓர் ஏற்பி இருக்கிறது. ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேற்பட்ட சூடு அதைத் தூண்டும். மிளகாயின் கேப்சைசினும் மிளகின் பைப்பரினும் அதே ஏற்பியைத் தூண்டுகின்றன. 1997இல் இந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூட்டியனுடன் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சூடான மிளகு ரசம் இரட்டைச் சூடாக உணரப்படுவதும், அதைக் குடித்ததும் மூக்கு ஒழுகி அடைப்பு இளகுவதுபோல் இருப்பதும் இந்த நரம்புத் தூண்டலால்தான். ரசம் சளியைக் குணப்படுத்துவதில்லை. ஆனால் அது தரும் இதம் உண்மையானது.

பொங்கலின் குழைவு

அரிசியில் பெரும்பகுதி மாவுச்சத்து. அமைலோஸ், அமைலோபெக்டின் என்னும் இருவகை மூலக்கூறுகள் நுண்ணிய மணிகளாக இறுகி அதில் அமைந்திருக்கின்றன. ஏறத்தாழ 60 முதல் 78 டிகிரி வரையிலான வெப்பத்தில், அரிசி வகைக்கேற்ப, இந்த மணிகள் நீரை உறிஞ்சி வீங்கி இளகுகின்றன. சோறு வேகிறது என்பது இதுதான். நீர் கூடுதலாக இருந்து, கிளறியும் விட்டால், மணிகள் உடைந்து அமைலோஸ் வெளியே கசிந்து கூழாகிறது. பொங்கலுக்கு வேண்டியது இந்தக் குழைவே.

பொங்கலுக்குப் பச்சரிசியைத் தேர்ந்தெடுப்பதன் காரணமும் இங்கே இருக்கிறது. புழுங்கலரிசி நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை அவிந்து, காய்ந்து, இறுகிய ஒன்று. அதனால் அது உதிரியாக நிற்கும், எளிதில் குழையாது. அறுவடையான புது அரிசி பழைய அரிசியைவிட விரைவில் குழையும். தைப்பொங்கலன்று புத்தரிசியில் வைக்கும் பொங்கல் இளகி வருவதில் வியப்பில்லை.

பாசிப்பருப்பை வறுத்துச் சேர்ப்பது மணத்துக்காக மட்டும். பருப்பு சேர்வதால் கிடைக்கும் நன்மையோ பெரிது. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, பருப்பில் அது நிறைவு. பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது புரதம் முழுமை பெறுகிறது. மிளகையும் சீரகத்தையும் நெய்யில் பொரித்துக் கடைசியில் சேர்ப்பது, நீரில் கரையாத பைப்பரினை நெய்யின் துணையால் பொங்கல் முழுக்கப் பரப்புகிறது.

ஆறிய பொங்கல் கெட்டியாவதற்கு, கசிந்த அமைலோஸ் மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி அடுக்காக இறுகுவதே காரணம். அதனால் பொங்கலைச் சற்றுத் தளர்வாக இறக்குவதே பக்குவம். இறுகிய பொங்கலில் வெந்நீர் தெளித்துச் சூடாக்கினால் ஓரளவு இளகும்.

வெல்லமும் பாலும்

சர்க்கரைப் பொங்கலில் அரிசி முழுவதும் குழைந்த பிறகே வெல்லப்பாகு சேர வேண்டும். சர்க்கரை நீரைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். மாவுச்சத்துக்குக் கிடைக்கும் நீர் குறைவதோடு, அது இளகத் தேவையான வெப்பநிலையும் உயர்ந்துவிடும். அரைவேக்காட்டில் வெல்லம் விழுந்துவிட்டால், அதன்பின் எவ்வளவு கிளறினாலும் அரிசி அங்கேயே நின்றுவிடும். ஜவ்வரிசிப் பாயசத்துக்கும் இது பொருந்தும். மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து செய்யப்படும் ஜவ்வரிசி, நடுவிலுள்ள வெள்ளைப் புள்ளி மறைந்து கண்ணாடியாகத் தெரியும்போதுதான் முழுதாக வெந்திருக்கிறது. அதற்குப் பிறகே இனிப்பு.

வெல்லப் பாயசத்தில் பால் திரிவது பல வீடுகளில் நேரும் ஏமாற்றம். பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் நுண்துகள்களாக மிதக்கிறது. சாதாரண வெப்பநிலையில் பாலின் அமிலகாரக் குறியீடு 6.7 அளவிலிருந்து 4.6க்கு இறங்கினால்தான் அது முழுவதும் திரியும். கொதிக்கும் சூட்டிலோ சிறிதளவு அமிலமே போதும். வெல்லம், அதிலும் பழைய வெல்லம், இலேசான அமிலத்தன்மை உடையது. ஆகவே வெல்லம் சேர்ந்த பாயசத்தை இறக்கி, சூடு தணிந்த பின், காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்ற வேண்டும். அதை மறுபடி கொதிக்கவிடக் கூடாது.

தேங்காய்ப் பாலுக்கும் இதே எச்சரிக்கை தேவை. தேங்காய்ப் பால் என்பது நீரில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள். அவற்றை ஒன்றுசேரவிடாமல் பிரித்துவைப்பது தேங்காயின் புரதம். சூடு மிகுந்தால் புரதம் உருக்குலைந்து எண்ணெய் பிரியும். நீர்த்த இரண்டாம், மூன்றாம் பாலில் வேகவைத்து, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி இறக்கும் முறை இந்தப் பிரிதலைத் தவிர்க்கிறது.

வெல்லம் சேராத பால் பாயசத்தில் நிலைமை வேறு. அங்கே பாலை மெல்லிய தீயில் நெடுநேரம் காய்ச்சுவதே சுவை. பாலின் சர்க்கரையும் புரதமும் மெய்லார்டு வினையில் சேர்ந்து இளஞ்சிவப்பு நிறத்தையும் கோவா மணத்தையும் தருகின்றன. கேரளத்து அம்பலப்புழை கோயில் பாயசத்தின் நிறம் இப்படி வந்ததே. ஏலக்காய் எந்தப் பாயசத்திலும் இறக்கிய பிறகுதான். அதன் மணம் கொதியில் நிற்காது.

தயிர்சாதத்தின் சூடு

தயிரை உறையவைப்பவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். 40 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட இளஞ்சூட்டில் அவை நன்றாகப் பெருகி, பாலின் லாக்டோஸை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. ஆவி பறக்கும் சோற்றில் தயிரை ஊற்றினால் பாக்டீரியாக்களும் மடியும், தயிரும் நீர்விட்டுத் திரிதிரியாகும். சோற்றைச் சூடாக இருக்கும்போதே மசித்து, பாலூற்றி ஆறவிட்டு, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு தயிர் சேர்ப்பதே முறை. பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கும் தயிர்சாதத்தில் பால் மிகுதியாகவும் தயிர் ஒரு கரண்டி மட்டுமாகவும் இருக்கும். சில மணி நேரத்தில் பால் உறைந்து, உண்ணும் வேளைக்குப் புளிக்காத தயிர்சாதமாகிவிடும்.

மீந்த சோற்றை மட்டும் கவனமின்றி விட்டுவைக்கக் கூடாது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும் சூட்டையும் தாங்கும். அறை வெப்பத்தில் நெடுநேரம் கிடக்கும் சோற்றில் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மீந்த சோற்றை அகலமான பாத்திரத்தில் பரப்பி விரைவில் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

ஆறுதல் எங்கிருந்து வருகிறது

மனம் சோர்ந்திருக்கும்போது பிடித்த உணவு ஆறுதல் தரும் என்பது உலகெங்கும் உள்ள நம்பிக்கை. 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைச் சோதித்தது. சோகமான படக்காட்சிகளைப் பார்த்தவர்களில் சிலர் தங்களுக்கு ஆறுதல் தரும் உணவை உண்டனர். சிலர் வேறு உணவு உண்டனர். சிலர் எதுவுமே உண்ணவில்லை. எல்லோருடைய மனநிலையும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியது. உணவின் ரசாயனத்தில் மட்டும் ஆறுதல் இல்லை என்பதற்கு இது சான்று.

ஆனால் 2011இல் ஜோர்டன் ட்ராய்சி, ஷிரா கேப்ரியல் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஆறுதல் தரும் உணவு நெருக்கமான மனிதர்களின் நினைவோடு பிணைந்திருக்கிறது. பாசமான உறவுகளில் வேரூன்றியவர்களுக்கு அது தனிமையுணர்வைத் தணிக்கிறது என்று அவர்கள் கண்டனர். மூளையின் அமைப்பும் இதற்கு இசைவாக இருக்கிறது. மற்றப் புலன்களின் செய்திகள் தலாமஸ் வழியே சுற்றிச் செல்ல, மணம் மட்டும் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேராகச் சென்றடைகிறது. ரசத்தின் மணம் அதை வைத்துக்கொடுத்தவரை நினைவூட்டுவது இதனால்தான்.

எனவே நினைவில் நிற்கும் சாப்பாட்டுக்குப் பக்குவமும் பந்தியும் இரண்டுமே வேண்டும். பக்குவத்தைக் கற்றுத்தருவோர் அளவைச் சொல்வதோடு வரிசையையும், வரிசையின் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்த கை புதிய அடுப்பிலும் வேறு ஊர்த் தண்ணீரிலும் தடுமாறாது. பள்ளியில் அமிலமும் புரதமும் படிக்கும் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், வாரம் ஒருநாளாவது அடுப்படியில் நிற்கட்டும். பாடத்தில் படித்ததைக் கண்ணால் காணவும் குடும்பத்துக்குச் சமைக்கவும் அவர்கள் ஒருங்கே கற்றுக்கொள்வார்கள்.