உப்பும் சர்க்கரையும் போட்ட கூட்டணி

வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டில் என்ன தருவார்கள், குட்டீஸ்? ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கி, "குடி, குடி" என்று நீட்டுவார்கள். ஒரு வாய் குடித்ததுமே முகம் சுளிப்பீர்கள். உப்பிலும் சேராத, இனிப்பிலும் சேராத ஒரு சுவை! உடம்பில் குறைவது தண்ணீர்தானே, வெறும் தண்ணீரையே தரக்கூடாதா? எதற்கு உப்பு, எதற்குச் சர்க்கரை?

விடை நம் சிறுகுடலுக்குள் இருக்கிறது.

பெரியவர் ஒருவரின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். அதற்குள் ஒரு நாளில் 8, 9 லிட்டர் நீர் வந்து சேர்கிறது. "அவ்வளவு தண்ணீரை யார் குடித்தார்கள்?" என்கிறீர்களா? சாப்பாட்டிலும் குடிப்பதிலும் வருவது சுமார் 2 லிட்டர்தான். மீதியெல்லாம் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் என்று உடம்பே சுரப்பவை. இத்தனையையும் குடல் திரும்ப உறிஞ்சிக் கொள்கிறது. மலத்தோடு வெளியே போவது ஒரு டம்ளர் அளவுகூட இருக்காது. எவ்வளவு சிக்கனம் பாருங்கள்!

இந்தச் சிக்கனத்தைக் குலைப்பதுதான் காலராக் கிருமியின் வேலை. அது ஒரு நச்சைச் சுரக்கிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் டே 1959ல் இந்த நச்சைப் பற்றி உலகுக்குச் சொன்னார். அது குடல்சுவரின் செல்களிலிருந்து உப்பைக் குடலுக்குள் கொட்ட வைக்கும். உப்பு போகும் பக்கம் தண்ணீரும் போகும். நோய் கடுமையானால் ஒரு மணி நேரத்தில் 1 லிட்டர் வரைகூட வெளியேறும். கவனிக்காவிட்டால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும். வெறும் தண்ணீர் குடித்தால்? அதில் பெரும்பகுதி உள்ளே ஏறாமல் வெளியே போய்விடும்.

ஆனால், குடல்சுவரில் இன்னொரு கதவு உண்டு. அது ஒரு விசித்திரமான கதவு. உப்பில் உள்ள சோடியமும் குளுகோஸும் ஜோடியாக வந்தால்தான் திறக்கும். அவை உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். இதை 1960ல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கிரேன் விளக்கினார். காலரா நச்சால் இந்தக் கதவை மட்டும் கெடுக்க முடிவதில்லை! 1968ல் டாக்காவில் டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளுக்கு இந்தக் கரைசலைக் கொடுத்து, பலன் தருவதை நிரூபித்தார்கள். அப்படியும் பல டாக்டர்கள் நம்பவில்லை. "ஊசி வழியே ஏற்றுவதுதான் வைத்தியம்" என்றார்கள்.

1971ல் வங்கதேச விடுதலைப் போர் வந்தது. லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். எல்லையோர ஊரான பன்காவில் காலரா பரவியது. மருத்துவமனைத் தரையெங்கும் நோயாளிகள். ஏற்றுவதற்கு வைத்திருந்த சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. குழந்தைகள் நல மருத்துவரான திலீப் மகலனாபிஸ் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார். 1 லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. இவற்றைக் கொல்கத்தாவில் பொட்டலம் கட்டி வரவழைத்தார். முகாமில் பெரிய டிரம்களில் கரைத்து வைத்தார்கள். அம்மா, அப்பா, அண்ணன், அக்கா என்று வீட்டாரே டம்ளரில் பிடித்துப் போய் நோயாளிக்குப் புகட்டினார்கள். இறப்பு 100க்கு 30 பேர் என்ற நிலையிலிருந்து நாலு பேருக்கும் கீழே இறங்கியது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், டம்ளரைப் பிடித்த கைகளில் பெரும்பாலானவை டாக்டரின் கைகளே அல்ல என்பதுதான்.

மகலனாபிஸ் 2022ல் காலமானார். 2023ல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இப்போதைய பொட்டலத்தில் உப்பும் குளுகோஸும் முன்பைவிடக் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2002ல் அளவை மாற்றியது. 1 லிட்டருக்கான பொட்டலம் என்றால் முழுவதையும், காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். "இனிப்பாக இருக்கட்டுமே" என்று கூடுதலாகச் சர்க்கரை போட்டால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து, பேதியை அதிகமாக்கிவிடும். ஒரு நாள் கழிந்தால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். தம்பி, தங்கை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கலாம். கண் குழி விழுந்தாலும், சிறுநீர் போகாவிட்டாலும், மயக்கமாகக் கிடந்தாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பாட்டி தரும் உப்புப் போட்ட கஞ்சியையும் வேண்டாமென்று தள்ளாதீர்கள். அரிசி மாவுச்சத்து குடலில் குளுகோஸாகத்தான் மாறும். அதே கதவு, அதே ஜோடி!

பொட்டலம் கிடைக்காத அவசரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பெரியவர்களைக் கலக்கச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் அவர்கள் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கட்டும். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால், கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டியதுதான்.