புறநகரிலிருந்து ஒரு டிக்கெட் – 7: அருவிக்கு ரிசர்வேஷன் கிடையாது

ஜூன் பிறந்தால் மேடவாக்கத்தில் இரண்டு விஷயம் தவறாமல் நடக்கும். தண்ணீர் லாரிக்காரர் போனை எடுக்க மாட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் குற்றாலம் பேரருவியின் வீடியோவைப் போட்டு, "சீசன் ஆரம்பிச்சாச்சாம், போலாமா?" என்று கேட்பார். கேட்பவர் பெரும்பாலும் தென்காசி, கடையநல்லூர், அம்பாசமுத்திரம் பக்கத்தில் பிறந்து, வேலைக்காகச் சென்னைக்கு வந்து, பள்ளிக்கரணைக்குத் தெற்கே எங்காவது ஃபிளாட் வாங்கியவராக இருப்பார். பதில் சொல்பவர்களுக்கு அந்த ஊர்ச் சம்பந்தமே இருக்காது. ஆனாலும் எல்லோரும் ஒரே குரலில் "போலாம்" என்பார்கள்.

சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. ஜூலைக் கடைசி வாரத்துக்கு மே மாதமே உட்கார்ந்து டிக்கெட் போட்டாக வேண்டும். அருவியோ, நேற்று ராத்திரி மலைமேல் என்ன பெய்தது என்பதைப் பார்த்து இன்று காலையில்தான் முடிவெடுக்கும். கையில் உறுதியான டிக்கெட்டோடு போய் இறங்கினால், ஒன்று பாறையில் நூல் மாதிரி தண்ணீர் வழியும். இல்லையென்றால் வெள்ளம் என்று சொல்லிக் கயிறு கட்டி அடைத்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த நல்ல நாள் யாருக்கு வாய்க்கும் என்று தென்காசிக்காரராலேயே சொல்ல முடியாது.

பக்கத்தில் அருவியே இல்லையா? நன்மங்கலம் காட்டில் கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளம் உண்டு, கொம்பன் ஆந்தை உண்டு, அருவி கிடையாது. ஆந்திர எல்லைக்குள் வரதய்யபாளையம் பக்கம் உப்பலமடுகு இருக்கிறது. சென்னைக்காரர்கள் வாயில் அது தடா அருவி. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்பதால் பழைய மகாபலிபுரம் சாலை ஐடி இளைஞர்களுக்கு அது செல்லம். ஆனால் காட்டுக்குள் பாறை பாறையாகத் தாண்டி நடக்க வேண்டிய இடம் அது. மூட்டுவலி பாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிற குடும்பத்துக்குச் சரிப்படாது. ஆட்டோவிலிருந்து இறங்கிச் சில நிமிடம் நடந்தால் தலைமேல் அருவி கொட்ட வேண்டும் என்றால் குற்றாலம்தான். அதனால்தான் 600 கிலோமீட்டருக்கு மேல் போகிறார்கள்.

தென்புறநகர்க்காரர்களுக்கு இந்தப் பயணத்தில் ஒரு சௌகரியம் உண்டு. எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. மேடவாக்கம் கூட்ரோட்டில் பஸ் ஏறினால் சந்தோஷபுரம், ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு வழியாகக் கிழக்குத் தாம்பரம். மாலைப் போக்குவரத்தில் அந்தத் தூரத்துக்கு ஆகும் நேரத்தைப் பற்றி எழுதினால் இந்த வாரப் பக்கம் அதிலேயே முடிந்துவிடும். தாம்பரத்தில் பொதிகை நிற்கும், சிலம்பு நிற்கும், கொல்லம் ரயிலும் நிற்கும். ரயிலில் இடம் கிடைக்காதவர்களுக்குக் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30இல் அந்தப் பேருந்து முனையம் திறந்தபோது வடசென்னைக்காரர்கள் புலம்பினார்கள். மேடவாக்கத்துக்காரர்கள் சத்தமில்லாமல் சந்தோஷப்பட்டார்கள்.

கொல்லம் ரயிலுக்குத் தனி வரலாறு உண்டு. மலையைக் குடைந்து செங்கோட்டையையும் கொல்லத்தையும் இணைத்த மீட்டர்கேஜ் பாதையில் 1904இல் வண்டி ஓடத் தொடங்கியது. கொல்லம் மெயில் என்றால் பழைய தலைமுறைக்கு அது குற்றால வண்டி. அகலப்பாதைப் பணிக்காக மூடிய மலைப்பகுதி 2018இல்தான் முழுதாகத் திறந்தது. திறந்ததும் ஓடிய வண்டி தாம்பரம்–கொல்லம். தாம்பரத்துக்குக் கிடைத்த அந்தக் கௌரவத்தைத் தாம்பரம் கவனித்த மாதிரி தெரியவில்லை.

விடிந்து ராஜபாளையம் தாண்டியதும் வண்டியில் எல்லோரும் வலப்பக்க ஜன்னலுக்கு நகர்வார்கள். மலை கூடவே வரும். உச்சி தெரியாமல் மேகம் படுத்திருந்தால் ஊர்க்காரர் முகம் மலரும்: "சாரல் இருக்கு." உச்சி பளிச்சென்று தெரிந்தால் பேச்சே இருக்காது.

தென்காசியில் மட்டும் ஏன் இந்தச் சாரல்? ஜூனில் அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்பதால் கிழக்குப் பக்கத்துத் தமிழகத்துக்கு வெறும் காற்றுதான் வரும். மதுரை காய்ந்துகொண்டிருக்கும்போது தென்காசி நனைவதற்குக் காரணம், செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடரில் இருக்கும் ஆரியங்காவு கணவாய். அந்த இடைவெளியில் நுழையும் ஈரக்காற்று திரிகூட மலையை நனைக்கிறது. அடிவார ஊர்களில் பொடித்தூறலாக விழுகிறது. மலைமேல் பெய்த மழை சிற்றாறாகச் சேர்ந்து, படிப்படியாக இறங்கி, கடைசியில் பேரருவியாக ஊருக்குள் விழுகிறது. சிற்றாறு அதன் பிறகு தென்காசி வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. சுற்றுலாப் பயணி தலையில் விழும் தண்ணீர் கீழே ஒரு விவசாயியின் நெல்லுக்குப் போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் சோப்பு விவகாரம் சட்டென்று புரியும்.

பேரருவியின் கீழே மனிதன் நின்று குளிக்க முடிவதற்குக் காரணம் பொங்குமாங்கடல். உச்சியிலிருந்து விழும் தண்ணீர் நேராகத் தரைக்கு வருவதில்லை. பாதி வழியில் பாறையில் குடைந்த ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் கீழே இறங்குகிறது. அந்தப் பள்ளம் மட்டும் இல்லாவிட்டால் பேரருவி பார்க்க மட்டும் உகந்த அருவியாக இருந்திருக்கும். அருவிப் பாறையில் வரிசையாகச் சிவலிங்கங்கள் செதுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் குறைந்த நாளில் அவை தெரியும். நிறைந்த நாளில் தெரியாது.

குளிக்கும் இடத்தில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. தலையில் தண்ணீர் விழுந்த முதல் நொடியில் மூச்சு நின்றுவிடும். அடுத்த நொடியில் யாரோ தோளில் மத்தால் கடைவது போலிருக்கும். பிறகு வெளியே வர மனசு வராது. பின்னால் நிற்பவர் முதுகைத் தள்ளுவார். போலீஸ்காரர் விசில் ஊதுவார்: "அண்ணாச்சி, போதும், வெளிய வாங்க, அடுத்த ஆள் நிக்காவ." ஈரத்துணியோடு உடைமாற்றும் அறைக்குக் காத்திருக்கும் வரிசை மட்டும் பெண்கள் பக்கத்தில்தான் எப்போதும் நீளம். இத்தனை ஆண்டு சீசன் நடத்தும் ஊரில் இதைச் சரிசெய்வது பெரிய கம்பசூத்திரம் அல்ல.

அருவிக்கு முன்னால் பாதுகாப்பு வளைவு ஒன்று கட்டியிருக்கிறார்கள். ஊர்ப் பேச்சில் அது 'ஆர்ச்'. தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டினால் குளிக்கத் தடை. தென்காசியில் இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை பற்றியது கிடையாது, ஆர்ச்சைப் பற்றியது. "பேரருவிய அடைச்சாச்சு. ஐந்தருவியில விடுதாவளான்னு பாப்போம்" என்பார். ஐந்தருவியில் ஒரே நீரோட்டம் ஐந்து கிளையாகப் பிரிந்து விழும். ஆண், பெண் இருபாலருக்கும் கிளைகளைப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் அடைத்திருந்தால் பழைய குற்றாலம், புலியருவி என்று வண்டி திரும்பும். செண்பகாதேவியும் தேனருவியும் காட்டுக்குள் இருப்பவை. தேனருவிக்குப் போனேன் என்று யாராவது சொன்னால் அது பழங்கதையாக இருக்கும், அல்லது வனத்துறைக்குத் தெரியாமல் போன கதையாக இருக்கும்.

இந்தத் தடைகளைப் பயணிகள் ரசிப்பதில்லை. "இவ்வளவு தூரம் வந்திருக்கோம், அஞ்சு நிமிஷம் விடுங்க சார்" என்று போலீஸ்காரரிடம் கெஞ்சுபவர்களை எல்லா சீசனிலும் பார்க்கலாம். 2022 ஆகஸ்டில் பேரருவியில் திடீர் வெள்ளம் இரண்டு பெண்களை அடித்துச் சென்று கொன்றது. 2024 மே 17, வெள்ளிக்கிழமை, பழைய குற்றாலத்தில் 17 வயதுச் சிறுவன் வெள்ளத்தில் போனான். சீசனே தொடங்காத மாதம் அது. கோடை மழை மேலே காட்டில் பெய்தது; கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. தண்ணீர் சட்டென்று நிறம் மாறி, மண்ணும் கல்லுமாகப் பாய்ந்து வந்தது. கூட்டம் படிக்கட்டில் அலறியடித்து ஓடிய காட்சிகளைத் தமிழ்நாடே செல்போனில் பார்த்தது.

மலையருவியின் ஆபத்து இதுதான். அருவிக்கரையில் வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வரும். மேடவாக்கத்தில் தண்ணீர் தெருவில் ஏறும்போது முதலில் கணுக்கால், பிறகு முழங்கால் என்று எச்சரித்துவிட்டு ஏறும். 2015 டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளம் தெரியும். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு மலை வெள்ளத்தை எடை போடக் கூடாது. இங்கே ஓடுவதற்குக் கிடைப்பது நிமிடங்கள்தான், சில சமயம் அதுவும் கிடைக்காது. அருவிக்கரையில் நிற்கும் போலீஸ்காரரின் கண்ணையும் விசிலையும் மட்டும் நம்பி ஆயிரக்கணக்கானவர்களைக் குளிக்கவிடுவது போதாது. மேலே காட்டுக்குள் மழையை அளக்கும் கருவி, ஓடையின் மட்டத்தைக் காட்டும் உணரி, கீழே தானாக ஒலிக்கும் சைரன் ஆகிய மூன்றும் ஒவ்வொரு அருவிக்கும் வேண்டும். சாரல் விழாவுக்கு மேடை போடும் செலவுக்கு முன்னால் நிற்க வேண்டிய செலவு இது.

பழைய குற்றால விபத்துக்குப் பிறகு, அந்த அருவி யார் கையில் இருக்க வேண்டும் என்ற சண்டையும் எழுந்தது. வனத்துறை தன் பொறுப்பில் எடுக்கப் பார்த்தது. உள்ளூர் மக்களும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். காட்டுக்காரர் கைக்குப் போனால் நாளைக்குக் கதவு சாத்திவிடுவார்கள் என்பது அவர்கள் பயம். பயத்தில் நியாயம் உண்டு. அருவி என்றால் அது பொதுச்சொத்து என்று தமிழ்நாட்டில் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். பேரருவியில் குளிக்கக் கட்டணம் இல்லை.

உலகில் எல்லா அருவிக்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நயாகராவைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் தனியாரிடம் இருந்தது. வேலி போட்டு அடைத்துவிட்டு, காசு கொடுத்தவர்களை மட்டும் பார்க்கவிட்டார்கள். ஃபிரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட் போன்றவர்கள் 'நயாகராவை விடுவியுங்கள்' என்று இயக்கம் நடத்தினார்கள். நியூயார்க் மாநில அரசு நிலத்தை வாங்கி, 1885 ஜூலை 15 அன்று இலவசமாகத் திறந்துவிட்டது. அமெரிக்காவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா என்ற பெயர் அதற்கு உண்டு.

குற்றாலத்தில் இப்போது கதை எதிர்த்திசையில் நடக்கப் பார்க்கிறது. ஓடையை மறித்துத் திருப்பி, தங்கள் வளாகத்துக்குள் செயற்கை அருவி அமைத்துக்கொண்ட தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்ற தடையும் அதே மதுரைக் கிளை போட்டதுதான். ஒரு காலத்தில் அருவிக்கரையிலேயே எண்ணெய் தேய்த்துவிட ஆட்கள் இருந்தார்கள். பாறையெல்லாம் வழுக்கும், கீழே ஆற்றில் நுரை மிதக்கும். தடை வந்த பிறகும் பையில் ஒளித்து ஷாம்புப் பாக்கெட் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் லாரித் தண்ணீரில் எண்ணி எண்ணிக் குளிக்கிறவருக்குக்கூட அருவியைக் கண்டதும் இந்தக் கை நீளுவது விசித்திரம்தான்.

அருவி அடைத்திருந்தால் என்ன செய்வது? பலர் அறையில் படுத்துக்கொண்டு மாவட்ட நிர்வாகத்தைத் திட்டுகிறார்கள். அந்த நேரத்தில் செய்யக் கூடியவை ஏராளம். பேரருவிக்குப் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில், அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சித்திரசபை. நடராசரின் ஐந்து சபைகளில் இங்கே மட்டும்தான் அவரை ஓவியமாக வழிபடுகிறார்கள். குளித்த தலையோடு ஊரைவிட்டுக் கிளம்புபவர்களில் பாதிப் பேர் இதைப் பார்ப்பதில்லை. தென்காசிச் சாலையில் உள்ள மேலகரம், குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அவருக்கு மானியமாகக் கிடைத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தைக் கழித்து 1954இல் மறைந்ததும் குற்றாலத்தில்தான். ராஜாஜியும் கல்கியும் அவருக்காகவே வந்து தங்கினார்கள்.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குப் போகலாம். பிளந்து கிடந்த ராஜகோபுரத்தை 1990இல் மீண்டும் எழுப்பினார்கள். 15ஆம் நூற்றாண்டில் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதைப் பழுதுபார்த்துக் காப்பவர்களின் காலில் முன்கூட்டியே விழுந்து வணங்குவதாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். பொதுச்சொத்தைப் பராமரிக்கும் துறைகள் எல்லாவற்றிலும் அந்தக் கல்வெட்டின் நகலை மாட்டலாம். இன்னும் நேரமிருந்தால் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்கள், பண்பொழி திருமலைக் கோயில். பசித்தால் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். அதை விவரித்தால் பத்தி நீளும்.

வாங்கி வர வேண்டியது பழம். கிழக்கிந்தியக் கம்பெனி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஜாதிக்காயும் கிராம்பும் வளர்த்துப் பார்த்தது. தாவரவியலாளர் ராபர்ட் வைட் செடி சேகரிக்க வந்த மலை இது. அந்த மண்ணும் ஈரமும் இன்றைக்கும் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியான் பழங்களைத் தருகின்றன. துரியானை மட்டும் ரயிலில் கொண்டுவர வேண்டாம். பெட்டி முழுக்கப் பகையாகும்.

இந்த சீசனில் கிளம்பும் வாசகர்களுக்கு: குறைந்தது இரண்டு இரவாவது தங்கும்படி டிக்கெட் போடுங்கள், ஒரே நாளை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். புறப்படும் முன் தென்காசி மாவட்ட நிர்வாகத்தின் அன்றைய அறிவிப்பைப் பாருங்கள். ஷாம்புப் பாக்கெட்டை வீட்டிலேயே வையுங்கள். குளிக்கும்போது தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்து வந்தாலோ, விசிலுக்குக் காத்திருக்காமல் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். செருப்பும் துண்டும் போனால் போகட்டும், தென்காசிக் கடையில் கிடைக்கும்.

(அடுத்த வாரம்: வேடந்தாங்கல்)