யாருடைய பிள்ளை நீ?

டீ ஆறினாலும் பரவாயில்லை, இதை நிதானமாகத்தான் பேசவேண்டும். திருச்சபையில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "கிறிஸ்துவுக்குள் நான் யார் என்று வாலிபர் கூட்டத்தில் சொல்லித் தருகிறார்கள். தேவனுடைய பிள்ளை, தெரிந்துகொள்ளப்பட்டவன், பயப்படத் தேவையில்லாதவன். ஞாயிற்றுக்கிழமை கேட்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. திங்கட்கிழமை மேனேஜர் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் அத்தனையும் சரிந்துவிடுகிறது. அப்படியானால் என் விசுவாசம் பொய்யா?"

பொய் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. தைரியமாக இருந்தால் விசுவாசம் இருக்கிறது, நடுங்கினால் இல்லை என்ற கணக்கு. வேதாகமம் இப்படிக் கணக்குப் பார்ப்பதே இல்லை.

நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் தெருவில் ஒரு புதுப் பையனைப் பார்த்தால் "நீ யார்?" என்று கேட்பதில்லை. "யார் வீட்டுப் பிள்ளைப்பா நீ?" என்பார். என்ன படிக்கிறான், எவ்வளவு மார்க், கெட்டிக்காரனா என்பதெல்லாம் அப்புறம். அப்பா பெயரைச் சொன்னதும் பையனுக்கு அந்தத் திண்ணையில் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. கிறிஸ்தவ விசுவாசமும் அடையாளத்தைப் பற்றி இந்தத் திசையிலிருந்துதான் பேசத் தொடங்குகிறது. நீ யார் என்பதற்கு முன்பாக, நீ யாருடையவன் என்பதை அது சொல்லிவிடுகிறது. திண்ணைக் கேள்விக்கு ஓர் அசிங்கமான முகமும் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சுவிசேஷங்களில் சம்பவங்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று பாருங்கள். இயேசு யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறுகிறார். தம்முடைய அன்பு மகன் இவர் என்றும், இவர்மேல் தாம் பிரியமாக இருப்பதாகவும் பிதாவின் குரல் வானத்திலிருந்து கேட்கிறது. அதுவரை அவர் செய்திருந்தது என்ன? ஒரு குருடனும் பார்வை பெறவில்லை. மலைப்பிரசங்கம் நடக்கவில்லை. ஒரு சீஷன்கூட அவர் பின்னால் இல்லை. நாசரேத் என்ற சின்ன ஊரில் தச்சு வேலை செய்துவந்தவர், லூக்கா சொல்கிறபடி ஏறக்குறைய முப்பது வயதுக்காரர். பாராட்டும்படி ஊழியக் கணக்கு எதுவும் இல்லாத நேரத்தில் பிதாவின் பிரியம் அறிவிக்கப்படுகிறது. வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அடுத்தது வனாந்தரம். நாற்பது நாள் பசி. சோதனைக்காரன் வந்ததும் முதலில் கைவைப்பது அந்தக் குரல் சொன்ன இடத்தில்தான். நீ மகன் என்றால் இந்தக் கல்லை அப்பமாக்கிக் காட்டு என்கிறான். பசியைத் தீர்ப்பது அவன் நோக்கம் இல்லை. ஏற்கெனவே கொடுக்கப்பட்ட ஒன்றை நிரூபித்துச் சம்பாதிக்கவைக்கப் பார்க்கிறான். இயேசு நிரூபிக்கவில்லை, பசியோடேயே இருந்துவிடுகிறார். ஆபீஸிலும் கல்யாணப் பேச்சிலும் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்திலும் நம்மைத் துரத்துவது இதே கோரிக்கைதான் என்று எனக்குத் தோன்றுகிறது: நீ ஆள் என்றால் காட்டு.

பவுல் இதையே ரோமச் சட்டத்தை எடுத்துக்கொண்டு விளக்குகிறார். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் எட்டாம் அதிகாரத்தில் புத்திர சுவிகாரம் வருகிறது. நமக்குச் சுவிகாரம் என்றால் தொட்டில் குழந்தை ஞாபகம் வரும். ரோமில் பெரும்பாலும் வளர்ந்த ஆண்களையே தத்தெடுத்தார்கள். பழைய குடும்பத்தின் பிடி அறும். புதுத் தகப்பனின் பெயரும் அதிகாரமும் சொத்துரிமையும் வந்து சேரும். பவுல் அந்தக் கடிதத்தை எழுதியது ஏறக்குறைய கி.பி. 57-இல். அப்போது ரோமில் சிம்மாசனத்தில் இருந்தவன் நீரோ. அவனே தத்துப்பிள்ளைதான். பேரரசர் கிளாடியஸ் 50-ஆம் ஆண்டு அவனைத் தத்தெடுத்தார். சொந்த மகன் பிரிட்டானிக்கஸ் இருக்கும்போதே 54-இல் பட்டம் நீரோவுக்குப் போனது. ஆக, சுவிகாரம் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் உட்காரவைக்கும் என்று அந்த நகரத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் அடிமைகளும் இருந்தார்கள் என்பது, கடைசி அதிகாரத்தில் வரும் பெயர்களை வைத்து அறிஞர்கள் சொல்வது. ரோமச் சட்டப்படி அடிமைக்குத் தகப்பன் கிடையாது. பெற்றவன் பக்கத்திலேயே நின்றாலும் சட்டத்தின் கண்ணில் அவன் யாருமற்றவன். அப்படிப்பட்ட ஒருவன் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, கடவுளே உன்னைத் தத்தெடுத்திருக்கிறார், இனி நீயும் சுதந்தரவாளி என்று கேட்டதை நினைத்துப்பாருங்கள். நம் காதில் பழகித் தேய்ந்துபோன வசனம் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

சரி, பிள்ளை ஆகிவிட்டோம். பாதுகாப்பு? இங்கேதான் நம்மவர்கள் நிறையத் தடுமாறுகிறோம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, அரை வெளிச்சத்தில் திருப்பி வாசித்து, அதைப் பர்ஸில் வைத்துக்கொள்வோம். அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். என் அம்மா வைத்திருந்த அட்டைகள் அவர் வேதப்புத்தகத்துக்குள் இன்னும் இருக்கின்றன. ஆனால் அந்த அட்டையை இன்ஷூரன்ஸ் பாலிசிபோல் பிடித்துக்கொள்ளும்போது வினை வருகிறது. மார்ச் மாதம் வேலை போகிறது, ஜூனில் ஸ்கேன் ரிப்போர்ட் வேறு மாதிரி வருகிறது. உடனே, வாக்கு தவறியது கடவுளா, விசுவாசம் போதாதது நானா என்று மனம் அரிக்கத் தொடங்கிவிடுகிறது.

அதே எட்டாம் அதிகாரத்தின் முடிவில் பவுல் ஏழு கஷ்டங்களை வரிசைப்படுத்துகிறார்: துன்பம், நெருக்கடி, துன்புறுத்தல், பசி, உடுத்த இல்லாமை, ஆபத்து, வாள். இவை வராது என்று அவர் சொல்லவில்லை. வந்தாலும் கிறிஸ்துவின் அன்பிலிருந்து நம்மைப் பிரிக்கமுடியாது என்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் அவர் பட்ட பாடுகளைப் படித்தால், இந்த ஏழில் வாளைத் தவிர மற்றதெல்லாம் அவர் உடம்பிலேயே அனுபவித்தவை என்று தெரியும். வாளும் பிறகு வந்தது. அதே நீரோவின் காலத்தில், அதே ரோமில் அவர் கொல்லப்பட்டார் என்பது சபை மரபு. இந்த மனிதர் பேசுகிற பாதுகாப்பு, நடப்பவற்றைத் தடுக்கும் பாதுகாப்பு இல்லை. எது நடந்தாலும் அறுபடாத உறவு அது.

இதை ஒரு மனித வாழ்க்கையில் காட்டச் சொன்னால் நான் டீட்ரிக் போன்ஹோஃபரைத்தான் காட்டுவேன். 1906-இல் பிறந்த ஜெர்மானிய இறையியலாளர். அப்பா கார்ல், பெர்லினில் பேர்பெற்ற மனநல மருத்துவப் பேராசிரியர். மகன் 21 வயதில் டாக்டர் பட்டம் வாங்கினார். பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லித்தந்தார். ஹிட்லருக்கு வளைந்துகொடுத்த சபையை எதிர்த்து நின்றதும் ஒவ்வோர் அடையாளமாக உரிக்கப்பட்டது. 1936-இல் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமை போனது. 1937-இல் அவர் நடத்திய போதகர் பயிற்சிப் பள்ளியை ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ மூடியது. 1940-இல் பொதுவில் பேசத் தடை, 1941-இல் எழுதத் தடை. 1943 ஏப்ரல் 5-ஆம் தேதி கைதாகி பெர்லினின் டேகல் ராணுவச் சிறைக்குப் போனார். மரியா ஃபான் வெடமையருடன் நிச்சயம் முடிந்து மூன்று மாதம்கூட நிறையவில்லை.

முதல் இரவைப் பற்றி அவரே எழுதிவைத்திருக்கிறார். குளிர் தாங்கமுடியவில்லை, ஆனால் கொடுத்த போர்வையின் நாற்றத்தில் அதைப் போர்த்தவும் முடியவில்லை. காலையில் ரொட்டித் துண்டைத் தரையில் எறிந்தார்கள், பொறுக்கி எடுக்கவேண்டியிருந்தது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சில நாள் கழித்து எல்லாம் மாறியது. பெர்லின் நகர ராணுவத் தளபதி பால் ஃபான் ஹாஸ இவருக்குத் தாய்வழி உறவு, மாமா முறை என்று காவலர்களுக்குத் தெரியவந்ததுதான் காரணம். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும் மரியாதை வந்துவிட்டது. அந்தத் திடீர் மரியாதை அவருக்குக் கூச்சமாக இருந்தது.

வெளியே பார்த்தவர்களுக்கு அவர் பாறை. விமானக் குண்டுவீச்சின்போது நடுங்கிய கைதிகளுக்கு ஆறுதல் சொன்னவர். உள்ளே அப்படி இல்லை. அந்த முதல் மாதங்களின் துண்டுக் குறிப்புகளில் தற்கொலை பற்றிய எண்ணம்கூட ஓரிடத்தில் தலைகாட்டுகிறது. 1944 கோடையில் நண்பர் எபர்ஹார்ட் பெத்கேவுக்கு ஒரு கவிதை அனுப்பினார். தலைப்பே 'நான் யார்?' மற்றவர்கள் பார்க்கிற நிமிர்ந்த மனிதனா, தனக்கு மட்டும் தெரிந்த, ஏங்கிச் சோர்ந்த மனிதனா, எது நிஜம் என்று அதில் தன்னையே கேட்கிறார். விடை கிடைக்கவில்லை. கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, தான் யாராக இருந்தாலும் தன்னை அறிந்த கடவுளுக்குச் சொந்தம் என்ற இடத்தில் போய் முடிக்கிறார்.

நான் இதில் நிறைய நேரம் நின்றிருக்கிறேன். தன்னைப் பற்றிய குழப்பம் தீர்ந்த பிறகு அவர் கடவுளிடம் போகவில்லை. குழப்பத்தோடேயே போனார். இரட்சிப்பின் நிச்சயம் என்று நாம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நிச்சயம் என்பது அவர் மனநிலையில் இல்லை. யாரைப் பிடித்திருந்தாரோ அவரில் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், அவரைப் பிடித்திருந்தவரில் இருந்தது.

1944 ஜூலை 20-ஆம் தேதி ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றது. அந்தச் சதியில் பங்கிருந்த மாமா ஃபான் ஹாஸவை ஆகஸ்ட் 8-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். சிறையில் காப்பாற்றிவந்த குடும்ப உறவே அதன் பிறகு ஆபத்தாகிவிட்டது. போன்ஹோஃபரை 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். வயது 39. இரண்டே வாரத்தில், ஏப்ரல் 23-ஆம் தேதி, அமெரிக்கப் படை அந்த முகாமுக்குள் வந்துவிட்டது.

இப்போது அந்தத் திண்ணைக் கேள்விக்கு வருகிறேன். "யார் வீட்டுப் பிள்ளை?" என்பது நம் ஊரில் பல சமயம் சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்வி. பதிலைப் பொறுத்துத்தான் டம்ளர் வரும். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள் யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற பிரிவு இல்லை என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதியதன் அர்த்தம், அந்தக் கேள்விக்கு இனி எல்லாருக்கும் ஒரே பதில்தான் என்பது. தென் திருவிதாங்கூரில் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் போராடிய பெண்களில் கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் முன்னணியில் இருந்தார்கள். தெருவில் அடிபட்டார்கள், சேலை கிழிக்கப்பட்டது, ஆனாலும் விடவில்லை. 1859-இல் அரசு இறங்கிவந்தது. தான் யாருடைய மகள் என்று தெரிந்தவளைக் குனியவைப்பது கடினம்.

ஆனால் சபைக்குள்ளேயே வேறு கதையும் நடந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதிப் பாகுபாட்டை விட்டொழிக்கவேண்டும் என்று கண்டிப்பான கடிதம் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எதிர்ப்பு கிளம்பியது. சபையை விட்டே வெளியேறினார்கள் பலர். இன்றும் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் நிற்கிற ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது. கிறிஸ்துவுக்குள் என் அடையாளம் என்று பாடிவிட்டு, கல்யாண விளம்பரத்தில் உட்பிரிவைக் குறிப்பிடுகிறவர் இன்னும் பழைய வீட்டிலேயே குடியிருக்கிறார். இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை.

கேள்வி கேட்ட பிள்ளைகளுக்கு: திங்கட்கிழமை நடுங்கினால் நடுங்குங்கள். அதனால் உங்கள் சுவிகாரப் பத்திரம் ரத்தாகிவிடாது. தூக்கம் வராமல், பசி இல்லாமல், வாரக்கணக்கில் மனம் இருண்டே கிடந்தால் ஜெபத்தோடு மருத்துவரிடமும் போங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை.

போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் சபைகளில் சாட்சி நேரம் வந்தால் வேலை கிடைத்தவர் எழுந்திருக்கிறார், விசா வந்தவர் எழுந்திருக்கிறார், குழந்தை பிறந்தவர்கள் தம்பதியாக முன்னால் வருகிறார்கள். அவர்கள் நன்றி சொல்வது நியாயம்தான். ஆனால் பத்து வருஷமாக ஜெபித்தும் கிடைக்காதவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஜெயித்தவர்களுக்கு மட்டும்தான் இங்கே தகப்பன் இருக்கிறார்போல என்று அவருக்குப் படுகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். கேட்டது கிடைக்காமலும் ஆலயத்துக்கு வந்துகொண்டிருக்கிறாரே, அதுவும் சாட்சிதான்.