ஒரே பலகையில் எல்லா வேலையும்

வீட்டு வேலை என்றால் சமையலும் துணி துவைப்பதும்தான் என்று நினைப்பவர்கள், ஒரு குடும்பத் தலைவியின் தலைக்குள் எட்டிப் பார்த்ததில்லை. காஸ் புக் பண்ண வேண்டும், மாமியாரின் மாத்திரை மூன்று நாளைக்குத்தான் இருக்கிறது, பையனின் பரீட்சைப் பணம் வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு, ஒரு அட்டை, ஒரு பை. எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கின்றன. ஆனால் எதை எப்போது செய்வது என்பது நம் ஒருத்தியின் மண்டைக்குள்தான் இருக்கிறது. நாம் படுத்துவிட்டால்?

இதற்கு ஒரு வழியை நான் என் பெண்ணிடம் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் அவள், தலைப்பிரசவத்துக்காக தேவனாம்பட்டினத்துக்கு வந்து, எட்டாம் மாதம் வரை வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அவள் கவனிப்பில் ஆறு புரோகிராம்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் களஞ்சியம், ‘ரெபாசிட்டரி’ என்கிறார்கள். 2008-ல் தொடங்கிய கிட்ஹப் போன்ற இடங்களில் இவற்றை வைத்திருப்பார்கள். எதிலாவது கோளாறு என்றால், அந்தக் களஞ்சியத்திலேயே ‘இஷ்யூ’ என்று நம்பர் போட்டு எழுதிவைக்க வேண்டுமாம்.

"ஆறு இடத்தையும் தினம் திறந்து பார்ப்பியாடி?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, எல்லாத்தையும் ஒரே பலகையில வச்சிருக்கேன்" என்று காட்டினாள். செய்ய வேண்டியது, கையில் இருப்பது, முடிந்தது என்று பத்திகள். அவற்றில் சின்னச் சின்னச் சீட்டுகள். கோளாறின் முழு விவரம் அதன் களஞ்சியத்திலேயே இருக்கும். எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் பலகை சொல்லும். அவள் லீவில் போனபோது, மற்றவர்கள் அந்தப் பலகையைப் பார்த்தே வேலையைத் தொடர்ந்தார்கள். பிள்ளை பெற்றவளை ஒருவரும் போனில் தொந்தரவு செய்யவில்லை!

இந்த முறையின் வேர் ஜப்பானில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டொயோட்டா கார் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்பவர் ‘கான்பான்’ என்ற சீட்டு முறையைக் கொண்டுவந்தார். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் விற்ற அளவுக்கு மட்டும் சாமானை மறுபடி அடுக்குவார்கள் அல்லவா, அதுதான் அவருக்கு வழிகாட்டி. அந்த ஜப்பானியச் சொல்லுக்கே அறிவிப்புப் பலகை என்றுதான் பொருள். 2011-ல் ஜிம் பென்சன், டோனியான் டிமரியா பாரி என்ற இருவர் இதைத் தனிமனிதர்களுக்கு ஏற்றபடி புத்தகமாக எழுதினார்கள். அதில் இரண்டே விதிகள்: வேலையைக் கண்ணில் படும்படி வை, ஒரே சமயத்தில் அதிகம் எடுத்துக்கொள்ளாதே.

நம் வீட்டுக்கு இதைச் செய்ய அதிகச் செலவில்லை. பழைய தெர்மோகோல் அட்டையில் ஒரு துணியைச் சுற்றுங்கள். நூல் கட்டி நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: செய்ய வேண்டியது, கையில், காத்திருப்பது, முடிந்தது. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தைச் சீட்டாக வெட்டிக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள், குண்டூசி ஜாக்கிரதை!

ஒரு சீட்டில் நான்கு விவரங்கள் வேண்டும்: என்ன வேலை, காகிதம் எங்கே, எந்தத் தேதிக்குள், யார் செய்வது. உதாரணமாக: "பாப்பா 75 நாள் ஊசி. தடுப்பூசி அட்டை பீரோ மேல்தட்டு, மஞ்சள் பை. புதன்கிழமை. தாத்தா ஆட்டோ சொல்ல வேண்டும்." 45, 75, 105 நாள் ஊசிகள், ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி எல்லாவற்றுக்கும் குழந்தை பிறந்த வாரமே சீட்டு எழுதி வைத்துவிடலாம்.

‘கையில்’ பத்தியில் மூன்று சீட்டுக்கு மேல் கூடாது. நான்காவது வேண்டுமானால் ஒன்றை முடித்துவிட்டு எடுங்கள். பத்து வேலையைத் தொட்டு ஒன்றும் முடியாத அலுப்பு நமக்குத் தெரியாததா? ‘காத்திருப்பது’ என்பது பிறர் கையில் இருப்பவற்றுக்கு: லேப் ரிப்போர்ட், தைக்கக் கொடுத்த துணி, விண்ணப்பம் போட்ட சான்றிதழ். சாயங்காலம் விளக்கேற்றியதும் ஐந்து நிமிஷம் பலகை முன் நின்று சீட்டுகளை நகர்த்தினால் போதும்.

பலகையின் அருமை போன மழைக்காலத்தில் தெரிந்தது. டெங்கு காய்ச்சலில் ஒன்பது நாள் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அத்தைக்கு தினமும் இன்சுலின் போட வேண்டும். என் கணவருக்கு அது எந்த மருந்து என்றுகூடத் தெரியாது. பலகையில் சீட்டு இருந்தது: "அத்தை இன்சுலின், வியாழன் வரை வரும். டாக்டர் சீட்டு நீல ஃபைலில். ஃபிரிட்ஜில் வைக்கவும், ஃப்ரீஸரில் கூடாது." புதன்கிழமையே வாங்கி வைத்துவிட்டார். ஒரு வேளைகூடத் தவறவில்லை. பையன் தன் பரீட்சைப் பணத்தைத் தானே கட்டினான். "இவ்வளவையும் நீயா ஞாபகம் வச்சிருந்தே?" என்று என் கணவர் கேட்டார். இருபத்தைந்து வருஷத்தில் இப்போதுதான் கேட்டார்! இப்போது நாலு சீட்டில் அவர் பெயர் இருக்கிறது.

எங்கள் கடலோரத்தில் 2011-ல் தானே புயல் வீசியதும், பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்ததும் மறக்கக் கூடியதல்ல. அப்படிப்பட்ட நாளிலும் சுவரில் மாட்டிய பலகை வேலை செய்யும். ஐப்பசி பிறக்கும்முன் மழைக்கென்று சில சீட்டுகள் எழுதுங்கள்: மெழுகுவர்த்தி, பத்து நாள் மருந்து, பிளாஸ்டிக் உறையில் ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும்.

முதலில் ஐந்தே சீட்டுடன் தொடங்குங்கள், சகோதரிகளே. அதில் ஒன்றிலாவது உங்கள் பெயர் இல்லாமல், வீட்டில் வேறொருவர் பெயர் இருக்கட்டும்.