பாண்டி பஜாரில் சொந்த தியேட்டர் கட்டிய கனவுக்கன்னி!
ஒரு குடும்பத்தையே சினிமாவில் ஏற்றி வைத்த டி.ஆர். ராஜகுமாரியின் கதை

சென்னை தியாகராயநகர் பாண்டி பஜாரில் ஒரு காலத்தில் "ராஜகுமாரி தியேட்டர்" என்றால் தெரியாதவர்கள் இல்லை. "எங்கே நிக்கறே?" என்று கேட்டால், "ராஜகுமாரி தியேட்டர் வாசல்ல நிக்கறேன்" என்பார்கள். பஸ்சுக்குக் காத்திருப்பவர்களுக்கும், துணி எடுக்க வந்தவர்களுக்கும் அதுதான் அடையாளம்.

ஆனால், அந்தப் பெயர் ஏதோ ராஜா கதையில் வரும் இளவரசியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு படம் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். அது ஒரு நடிகையின் பெயர். தன் சம்பாத்தியத்தில், தன் பெயரிலேயே தியேட்டர் கட்டிய நடிகை. தென்னிந்தியாவில் சொந்தமாக தியேட்டர் வைத்த முதல் நடிகை என்ற பெருமை அவருக்கு உண்டு.

அவர்தான் டி.ஆர். ராஜகுமாரி. தமிழ் ரசிகர்கள் முதன்முதலில் "கனவுக்கன்னி" என்று கொண்டாடிய நடிகை!

ராஜாயி என்ற பெண்

1922-ம் ஆண்டு மே மாதம் 5-ந்தேதி தஞ்சாவூரில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் ராஜாயி. பெயருக்கு முன்னால் நிற்கும் "டி" என்ற எழுத்து தஞ்சாவூரைக் குறிக்கும்.

பாட்டும் பரதமும் பரம்பரையாக வந்த குடும்பம். பாட்டி குஜலாம்பாள் கர்நாடக சங்கீதத்தில் பெயர் பெற்றவர். சித்தி முறையான எஸ்.பி.எல். தனலட்சுமி, தமிழ்ப் படம் பேசத் தொடங்கிய காலத்திலேயே நடிகையானவர். ஆகவே, சினிமா என்பது ராஜாயிக்குத் தூரத்துப் பச்சையாக இருக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே சினிமாக்காரர்கள் வந்து போனார்கள்.

அந்தக் காலத்தில் நல்ல குடும்பத்துப் பெண் சினிமாவில் நடிப்பதா என்று ஊர் முகம் சுளிக்கும். அதே ஊர்தான் டிக்கெட் வாங்க முண்டியடிக்கும்! இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ராஜாயி போன்ற பெண்கள் தங்கள் பிழைப்பைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

காப்பி கொண்டுவந்த பெண்

டைரக்டர் கே. சுப்பிரமணியம் அப்போது கொடிகட்டிப் பறந்தவர். 1938-ல் "சேவாசதனம்", 1939-ல் "தியாகபூமி" என்று அடுத்தடுத்து பேசப்பட்ட படங்களைக் கொடுத்திருந்தார். "கச்ச தேவயானி" என்ற புராணப் படத்துக்குக் கதாநாயகி தேடிக்கொண்டிருந்த அவர், தனலட்சுமியின் வீட்டுக்குப் போனார். அங்கே காப்பி கொண்டுவந்து வைத்த மாநிறப் பெண் அவர் கண்ணில் பட்டாள். "இந்தப் பெண்தான் என் தேவயானி" என்று முடிவு செய்துவிட்டார். சினிமா வட்டாரத்தில் இன்றுவரை சொல்லப்பட்டு வரும் கதை இது.

"நிறம் கம்மியா இருக்கே, படத்துல எடுபடுமா?" என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்களாம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வேண்டியது நிறமா? முகவெட்டும், கண்ணும், நடையும் அல்லவா! சுப்பிரமணியத்தின் கணக்கு பொய்க்கவில்லை.

"குமார குலோத்துங்கன்" போன்ற படங்களில் ஏற்கனவே தலைகாட்டியிருந்தாலும், 1941-ல் வந்த "கச்ச தேவயானி"தான் ராஜாயியை "ராஜகுமாரி"யாக ஊரறியச் செய்தது. அதன்பிறகு அவருக்கு ஏறுமுகம்தான்.

இரண்டு சூப்பர் ஸ்டார்களுக்கும் ஜோடி

1940-களில் தமிழ் சினிமாவை ஆண்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் எம்.கே. தியாகராஜ பாகவதர். மற்றவர் பி.யு. சின்னப்பா. பாகவதர் கட்சி, சின்னப்பா கட்சி என்று ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நின்ற காலம்.

ராஜகுமாரியோ இரண்டு கட்சிக்கும் பொது! 1942-ல் மாடர்ன் தியேட்டர்சின் "மனோன்மணி"யில் சின்னப்பாவுடன் நடித்தார். 1943-ல் "சிவகவி"யில் பாகவதருடன் நடித்தார். அதே ஆண்டில் "குபேர குசேலா"வில் மறுபடியும் சின்னப்பாவுடன்!

பின்னணிப் பாடகிகள் வைத்துச் சமாளிக்கும் வழக்கம் அப்போது வேரூன்றவில்லை. நடிக்கிறவர்தான் பாட வேண்டும், ஆட வேண்டும், தூய தமிழில் வசனமும் பேச வேண்டும். மூன்றும் தெரிந்தவர் என்பதால் ராஜகுமாரிக்குக் கிராக்கி கூடிக்கொண்டே போனது.

3 தீபாவளி கண்ட படம்

1944-ம் ஆண்டு தீபாவளிக்கு "ஹரிதாஸ்" வெளியானது. பாகவதர் கதாநாயகன். அவரை மயக்கி, சொத்தைப் பறிக்கும் தாசி ரம்பாவாக ராஜகுமாரி.

இரண்டாம் உலகப்போர் நடந்த நேரம். பிலிம் தட்டுப்பாட்டால், 11 ஆயிரம் அடிக்கு மேல் படம் எடுக்கக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. அந்தச் சின்ன அளவுக்குள் வந்த "ஹரிதாஸ்", சென்னை பிராட்வே தியேட்டரில் 1944, 1945, 1946 என்று 3 தீபாவளிகளைக் கண்டது!

பாகவதர் பாட, ராஜகுமாரி உதட்டில் கைவைத்து ஒரு "பறக்கும் முத்தம்" அனுப்புவார். அந்த ஒரு நொடிக்காகத் திரும்பத் திரும்ப டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. வீட்டில் பெண்டாட்டியிடம் "பஜனைப் படம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு!

படம் ஓடிக்கொண்டிருந்தபோதே கதாநாயகனின் வாழ்க்கை தலைகீழானது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். 1947-ல்தான் விடுதலையானார். திரும்பி வந்தபோது பழைய காலம் திரும்பவில்லை. 1952-ல் "அமரகவி"யில் ராஜகுமாரி மறுபடியும் அவருக்கு ஜோடியானார். "ஹரிதாஸ்" அலை திரும்ப வீசவில்லை.

சின்னப்பா 1951-ல் மறைந்தார். பாகவதர் 1959-ல் மறைந்தார். கோடி கோடியாகக் கைதட்டல் வாங்கிய ஆண்கள் கண்ணெதிரே சரிந்ததை ராஜகுமாரி பக்கத்தில் இருந்தே பார்த்தார்.

முரசுக்குள் இருந்து வீரர்கள்!

இதற்கிடையில் வந்தது "சந்திரலேகா". ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசன், தயாரித்து டைரக்ட் செய்த படம். 1948-ம் ஆண்டு ஏப்ரலில் வெளியானது. அந்தக் காலத்தில் 30 லட்சம் ரூபாய் செலவான படம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

எம்.கே. ராதாவும் ரஞ்சனும் அண்ணன், தம்பி இளவரசர்கள். இருவருக்கும் நடுவில் சந்திரலேகாவாக ராஜகுமாரி. சர்க்கஸ் கூட்டத்தில் பார் விளையாடும் பெண்ணாகவும் வருவார்.

கடைசிக் கட்டத்தில் அந்த முரசு நடனம்... மலை மலையாக முரசுகள். அவற்றின் மேல் நூற்றுக்கணக்கான பெண்கள். நடுநாயகமாக ராஜகுமாரி. ஆட்டம் முடிந்ததும் முரசுகளைப் பிளந்துகொண்டு வீரர்கள் குதிப்பார்கள். "அடேயப்பா, அந்த டிரம் டான்சு!" என்று வாய் பிளந்தவர்கள் தமிழ்நாட்டில் மட்டும் இல்லை. அதே ஆண்டு இந்தியிலும் வெளியாகி, வடக்கத்திக்காரர்களையும் மெட்ராஸ் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது.

அந்த முரசுகள் முழங்கிய ஜெமினி ஸ்டூடியோ இப்போது இல்லை. மேம்பாலத்தின் பெயரில் மட்டும் ஜெமினி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வில்லியாகவும் வெளுத்துக்கட்டினார்

கதாநாயகிக்கு வயது ஏறினால் மார்க்கெட் இறங்கும். இது சினிமாவின் பழைய சட்டம். ராஜகுமாரி அழுதுகொண்டு உட்காரவில்லை. 1954-ல் "மனோகரா"வில் வசந்தசேனை வேடத்தை ஏற்றார். மன்னனை மயக்கி, பட்டத்து ராணி கண்ணாம்பாவையும், மகன் சிவாஜியையும் படாத பாடு படுத்தும் வேடம். கலைஞரின் அனல் வசனத்துக்கு முன்னால், இமையைக்கூட அசைக்காமல் நின்று காட்டினார். தியேட்டரில் பெண்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். வில்லி வேடத்துக்கு அதைவிட நல்ல சர்டிபிகேட் ஏது?

அக்காவும் தம்பியும்

அவருடைய தம்பி டி.ஆர். ராமண்ணா. ஒலிப்பதிவுத் துறையில் இருந்து வந்தவர். அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் ஆர்.ஆர். பிக்சர்ஸ். ராஜகுமாரி, ராமண்ணா என்ற இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகள்! 1953-ல் "வாழப்பிறந்தவள்" வந்தது. டைரக்ஷன் ராமண்ணா. அக்காதான் கதாநாயகி.

1954-ல் யாரும் செய்யாத காரியத்தை அந்தக் கம்பெனி செய்தது. எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் ஒரே படத்தில் நடிக்க வைத்தது. அதுதான் "கூண்டுக்கிளி". இருவரும் சேர்ந்து நடித்த ஒரே படம் அதுதான்.

கொட்டும் என்று எதிர்பார்த்த பணம் கொட்டவில்லை. படம் தோல்வி. வேறு ஒருவராக இருந்தால் கடையைக் கட்டிக்கொண்டு போயிருப்பார். அக்காவும் தம்பியும் அடுத்த ஆண்டே எம்.ஜி.ஆரை வைத்து "குலேபகாவலி" எடுத்தார்கள். ராஜகுமாரியும் அதில் நடித்தார். படம் சக்கைப்போடு போட்டது! அதன்பிறகு "பெரிய இடத்துப் பெண்", "பணக்கார குடும்பம்", "பறக்கும் பாவை" என்று ஆர்.ஆர். பிக்சர்ஸ் நிமிர்ந்து நின்றது.

குடும்பமே கலைக்குடும்பம்

இந்தக் குடும்பத்தின் கிளைகளை எண்ணினால் ஒரு சினிமாக் கம்பெனியே நடத்தலாம்.

ராமண்ணாவின் மனைவியர் இருவரும் நடிகைகள். இருவர் பெயரும் சரோஜா! ஒருவர் பி.எஸ். சரோஜா, "கூண்டுக்கிளி"யின் கதாநாயகி. மற்றவர் நடனத்தில் புகழ்பெற்ற இ.வி. சரோஜா.

"கூண்டுக்கிளி"யில் நடித்த குசலகுமாரியும் உறவுக்காரர்தான், நடிகை டி.எஸ். தமயந்தியின் மகள். எஸ்.பி.எல். தனலட்சுமி வளர்த்த பெண் ஜோதிலட்சுமி. அவரை 1963-ல் "பெரிய இடத்துப் பெண்" மூலம் சினிமாவுக்குக் கொண்டுவந்தவர் ராமண்ணா. ஜோதிலட்சுமியின் தங்கை ஜெயமாலினி. 1970-களில் அக்கா, தங்கை டான்சுக்காகவே ஓடிய படங்கள் எத்தனையோ!

ஒரு பெண் சம்பாதித்தாள். உறவுகளுக்கெல்லாம் வழி திறந்தது. பல நடிகைகளின் வீட்டில் இதே கதைதான். ஆனால் முடிவு மாறுபடும். உறவு தின்று, கடன் தின்று, கடைசியில் ஒன்றுமில்லாமல் போனவர்கள் எத்தனை பேர்! ராஜகுமாரி அந்தப் பட்டியலில் சேரவில்லை.

என்ன வித்தியாசம்?

வந்த பணத்தை அவர் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாற்றினார். அந்தக் காலத்துப் பணக்காரர்கள் நிலம் வாங்கினார்கள், நகை வாங்கினார்கள். அவரோ தொழில் நடக்கும் இடத்தையே வாங்கினார். நடிப்பு நின்றாலும் டிக்கெட் விற்பது நிற்காது அல்லவா? தன் முகம் திரையில் இல்லாவிட்டாலும், பிறர் முகம் ஓடினால் தன் கல்லா நிறையும் என்று கணக்குப் போட்டார். பாண்டி பஜார் கடைக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு அது. ஒரு நடிகைக்கும் தெரிந்திருந்தது.

அந்தத் தியேட்டர் பிறகு கைமாறி, இடிக்கப்பட்டு, வணிகக் கட்டிடத்துக்கு இடம் கொடுத்துவிட்டது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டார்கள். அதில் உலாவும் இளவட்டங்களுக்கு, இங்கே ஒரு பெண் தன் பெயரை விளக்குப்போட்டு எழுதி வைத்திருந்தாள் என்பது தெரிய வழியில்லை.

கூட்டத்தில் இருந்து ஒதுங்கினார்

லட்சக்கணக்கானவர்களின் கனவில் வந்தவர், கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பமே தன் குடும்பம் என்று இருந்துவிட்டார்.

1963-ல் வந்த "வானம்பாடி" அவருடைய கடைசிப் படம். அப்போது வயது நாற்பதைச் சுற்றித்தான். அம்மா வேடம், பாட்டி வேடம் என்று இன்னும் 20 ஆண்டு ஓட்டியிருக்கலாம். அவர் அதை விரும்பவில்லை. மேடை, விழா, பேட்டி எல்லாவற்றிலிருந்தும் விலகினார். ரசிகர்கள் மனதில் சந்திரலேகாவாகவே இருந்துவிட்டார்.

1997-ல் தம்பி ராமண்ணா காலமானார். இரண்டே ஆண்டுகளில், 1999-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந்தேதி, அக்காவும் கண்ணை மூடினார். வயது 77.

ஆரம்பத்தில் "நிறம் கம்மி" என்று முணுமுணுத்தவர்களின் பெயர்கள் யாருக்கும் நினைவில்லை. காப்பி டம்ளரோடு வந்து நின்ற ராஜாயியோ, முரசு முழங்கும் போதெல்லாம் இன்றும் திரையில் ஆடிக்கொண்டிருக்கிறார்!