முகூர்த்தத்துக்கு ஒரு ஜூம் லென்ஸ்

கல்யாணப் படம் எடுப்பவர்களின் கேமராவில் பெரும்பாலும் மாட்டியே இருப்பது 24–70 மி.மீ. ஜூம் லென்ஸ். மேடை முழுவதையும் அதில் எடுக்கலாம். வளையத்தைத் திருப்பினால் மணமகளின் முகம் மட்டும் நிற்கும். 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கென முதலில் விற்பனைக்கு வந்த ஜூம், 1959-இல் வெளியான ஃபோக்ட்லேண்டர் ஜூமார். அதன் அளவு 36–82 மி.மீ., துளை எஃப் 2.8. கல்யாண லென்ஸின் இலக்கணம் இன்றும் அதிலிருந்து அதிகம் விலகவில்லை.

இந்த லென்ஸுக்குக் கடினமான களம் கடலூரை அடுத்த திருவந்திபுரம். தேவநாத சுவாமி கோயிலை ஒட்டியும், எதிரே ஹயக்ரீவர் சந்நிதி உள்ள ஔஷதகிரி மலையிலும், பெரிய முகூர்த்த நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் நடப்பதுண்டு. ஒரு ஜோடிக்குப் பக்கத்திலேயே அடுத்த ஜோடி உட்கார்ந்திருக்கும். படம் எடுப்பவர் ஓரடி பின்வாங்கினால் வேறு வீட்டுக் கல்யாணத்துக்குள் போய்விடுவார். கெட்டிமேளம் கொட்டியதும் தாலி ஏறிவிடும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றி மாட்ட முடியாது. ஒற்றைக் குவியத்தூர லென்ஸ்கள் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இங்கே ஜூம்தான் கைகொடுக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது அகன்ற முனை. முழு அளவு சென்சார் கேமராவில், மூன்று மீட்டர் தூரத்தில் நின்று எடுத்தால் 24 மி.மீ. லென்ஸ் நாலரை மீட்டர் அகலத்தைப் பிடிக்கும், 28 மி.மீ. நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும். தாய்மாமன் முழுதாகப் படத்தில் விழுவாரா, பாதி வெட்டுப்படுவாரா என்பது அந்த இரண்டடியில் இருக்கிறது. 70 மி.மீ.யில் அகலம் ஒன்றரை மீட்டராகச் சுருங்கும். மணமக்கள் இருவருக்கும் அது போதும். சிறிய சென்சார் (ஏ.பி.எஸ்.-சி) கேமராவில் இதே லென்ஸ் ஏறக்குறைய 36–105 போல நடந்துகொள்வதால் அகலம் போய்விடும். அந்தக் கேமரா வைத்திருப்பவர் 17–50 அல்லது 16–55 வாங்குவதே சரி. விலை அதிகமான லென்ஸ் என்பதற்காக 24–70-ஐ அதில் மாட்டுவது வீண்செலவு.

அடுத்தது வெளிச்சம். விடியுமுன் வரும் முகூர்த்தத்தில் குழல்விளக்கும் குத்துவிளக்கும் ஹோமத்தீயும்தான் துணை. கேமராவோடு வரும் 18–55 லென்ஸ் நீள முனையில் எஃப் 5.6 ஆகிவிடும், எஃப் 2.8 வாங்கும் ஒளியில் கால் பங்குதான் அதற்குக் கிடைக்கும். 1/125 நொடியில் எடுக்க வேண்டிய படத்தை 1/30-இல் எடுக்க நேரும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு படம் எடுப்பவரின் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். முடிச்சுப் போடும் கையின் அசைவை நிறுத்தாது. ஃபிளாஷ் போட்டால் தீயின் மஞ்சள் ஒளி காணாமல் போகும். ஹோமப்புகையில் பட்டுத் திரும்பும் ஒளி படத்தை வெளிறச் செய்யும்.

ஆனால் அகலத் துளைக்கும் ஒரு விலை உண்டு. 70 மி.மீ., எஃப் 2.8, இரண்டு மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 14 செ.மீ.தான். மணமகன் கை தெளிந்தால் பின்னால் முடிச்சுப் போடும் நாத்தனார் மங்கிவிடுவார். வெளிச்சம் இடம் கொடுத்தால் எஃப் 4-க்கு வருவதே நல்லது. அப்படியானால் 24–105 எஃப் 4 லென்ஸே போதாதா? சிதம்பரம் மண்டபங்களில் விளக்கு வெள்ளத்தில் நடக்கும் வரவேற்புக்கும், பிச்சாவரம், தேவனாம்பட்டினம் கடற்கரை போன்ற பகல்நேர வெளிப்படங்களுக்கும் தாராளமாகப் போதும். கூடுதல் 35 மி.மீ. விருந்தினருக்குத் தெரியாமல் முகங்களைப் பிடிக்கவும் உதவும். இருட்டு முகூர்த்தமும் எடுத்தாக வேண்டிய, ஒரே லென்ஸ் வாங்கக்கூடியவருக்கு எஃப் 2.8-தான் தேர்வு.

எடையும் சின்ன விஷயமில்லை. கேனான் இ.எஃப். 24–70 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு 805 கிராம். சோனியின் ஜி மாஸ்டர் இரண்டாம் பதிப்பு 695. டாம்ரான் 28–75 ஜி2 540. முன் தினம் மாலை தொடங்கி மறுநாள் பந்தி வரை சுமப்பவருக்கு இந்த வித்தியாசம் மணிக்கட்டில் தெரியும். டாம்ரான் அகன்ற முனையில் 18 செ.மீ. வரை நெருங்கிக் குவியும் என்பதால் தாலி, மருதாணிக் கை ஆகியவற்றுக்குத் தனி லென்ஸ் பெரும்பாலும் தேவைப்படாது, 24 மி.மீ. இல்லாததுதான் அதன் குறை.

கடலோர ஊர்களில் இன்னொரு கணக்கும் உண்டு. நீண்டு சுருங்கும் ஜூம், ஒவ்வொரு முறையும் ஈரக்காற்றையும் தூசியையும் உள்ளே இழுக்கிறது. ஈரம் தங்கினால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். இணைப்புகளில் ரப்பர் தடுப்பு உள்ள லென்ஸ் இங்கே ஆடம்பரமில்லை. பழைய லென்ஸ் வாங்குவோர் டார்ச் அடித்து உட்புறத்தில் சிலந்திவலை போன்ற இழைகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். வாங்கிய பின் தோல் பையில் பூட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத பெட்டியில் வைக்க வேண்டும். ஜெல் நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்திக்கொள்ளலாம்.